மகளின் குதிகாலைக் கவ்விய நாயை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. கோயம்புத்தூரில் வசிக்கிறோம். கணவர் சிறிய லேத் பட்டறை நடத்துகிறார். நான் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். மகன் கடந்த ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்புக்காக நாமக்கல் பக்கம் விடுதியுடன் கூடிய பள்ளியில் சேர்ந்தான். வீட்டில் இப்போது நாங்கள் இருவரும், மாமியாரும், ஆறு வயது மகளும் இருக்கிறோம்.

மகன் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. அவன் சிறு வயதிலிருந்தே நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவன். பெங்களூரிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபெயரும் குடும்பம் ஒன்று தங்களுடைய மூன்று வயதுப் பார்டர் காலி நாயைத் தத்துக் கொடுக்க விரும்புவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னபோது, காசு கொடுத்துக் குட்டி வாங்குவதைவிட வீடிழக்கும் ஓர் உயிருக்கு இடம் கொடுப்பது நல்லது என்று எங்களுக்குத் தோன்றியது. "குழந்தைகளோடு நன்றாகப் பழகும், சொன்னதைப் புரிந்துகொள்ளும்" என்றார்கள். அதன் பெயர் மிஸ்டி.

மிஸ்டி புத்திசாலிதான். கதவைத் திறக்க இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு ஓய்வு என்பதே தெரியவில்லை. நான் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருகிறது. மாமியார் பூஜை அறைக்கும் நான் கூடத்துக்கும் பிரிந்து போனால் இருவருக்கும் நடுவே ஓடி ஓடிச் சுற்றுகிறது. வாசலில் இருசக்கர வாகனம் போனால் கம்பிக் கதவின் நீளத்துக்கும் ஓடிக் குரைக்கிறது. மாலையில் சுவரில் விழும் மின்விசிறியின் நிழலை வெறித்துப் பார்த்து, அதன் மேல் பாய்கிறது. களைத்துப் போனால் அடங்கும் என்று கணவர் தினமும் மொட்டை மாடியில் பந்தெறிந்து ஓடவிட்டார். அதன் பிறகு முன்னைவிட அதிகமாகத் துள்ளுகிறது.

போன மாதம் மகள் கூடத்தில் ஓடி விளையாடியபோது, மிஸ்டி தலையைத் தாழ்த்திப் பதுங்கி வந்து அவளுடைய குதிகாலைக் கவ்விவிட்டது. லேசாகத் தோல் கீறி இரத்தம் கசிந்தது. உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டோம். மகள் இப்போது கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை.

கணவர் நாயை அனுப்பிவிட வேண்டும் என்கிறார். பொள்ளாச்சியில் அவருடைய பெரியப்பா தோப்பில் ஆடுகள் இருக்கின்றன. "ஆடு மேய்க்கும் நாய்தானே, அங்கே சந்தோஷமாக இருக்கும்" என்பது அவர் வாதம். மாமியார், "நாட்டு நாய் வளர்த்திருந்தால் வாசலில் கிடந்திருக்கும்" என்று தினமும் சொல்கிறார். மகனோ ஞாயிற்றுக்கிழமை விடுதித் தொலைபேசியில் பேசும்போது முதலில் மிஸ்டியைத்தான் விசாரிக்கிறான். அதை அனுப்பினால் விடுமுறைக்கு வீட்டுக்கே வர மாட்டேன் என்கிறான். ஒருமுறை வீட்டை இழந்த நாயை மறுபடியும் வெளியேற்றும் பாவத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. "நீ பெற்ற பிள்ளையைவிட நாய் பெரிதா?" என்று கணவர் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டேன். நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிஸ்டி யார் பின்னால் வருகிறது, எதைப் பார்த்துப் பாய்கிறது, யாருக்கு நடுவே ஓடுகிறது என்பதெல்லாம் இருக்கின்றன. மகள் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அவள் மேல் அன்பு குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நாயை அனுப்பும்படி ஆகிவிடுமோ என்ற அச்சத்தில், அனுப்புவதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒன்றைப் பார்க்காமல் கடந்து போக மனம் விரும்புவது இயல்பு. ஆனால் இந்த விஷயத்தில் முடிவெடுப்பதற்கு முன்பு தொடங்க வேண்டிய இடம் அந்த வாக்கியம்தான். உங்கள் கணவர் கடுமையான சொற்களில் கேட்டதும் அதைப் பற்றித்தான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் மகளுக்கு என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்வோம். பார்டர் காலி என்பது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் குன்றுகளில் ஆட்டு மந்தைகளை ஓட்டுவதற்காக உருவாக்கப்பட்ட இனம். நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் 1893-இல் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாய் குரைக்காமலும் கடிக்காமலும் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியதால் புகழ்பெற்றது. இன்றுள்ள பார்டர் காலிகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் வழி வந்தவை. வேட்டை விலங்கு ஒன்று இரையைக் கவனிக்கும், உற்றுநோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தேர்ந்தெடுத்தபோது இந்த வரிசையின் முற்பகுதியை வலுப்படுத்தி, பிற்பகுதியை மங்கச் செய்தார்கள். மங்கச் செய்தார்களே தவிர, அழித்துவிடவில்லை. மந்தையை விட்டு ஓடும் ஆட்டை மடக்க முடியாதபோது காலைக் கவ்வும் நாய்கள் உண்டு. உங்கள் கூடத்தில் ஓடிய சிறுமியிடம் நிகழ்ந்ததும் இதுதான். தலையைத் தாழ்த்திப் பதுங்கி வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் கடிக்கும் நாய் பெரும்பாலும் இப்படி வருவதில்லை.

நாய்க்காக வாதாடுவதற்காக இதை நான் சொல்லவில்லை. நோக்கம் எதுவானாலும் பல் பட்டது ஆறு வயதுக் குழந்தையின் காலில். உடனே கழுவித் தடுப்பூசி போட்டது மிகச் சரி. எல்லாத் தவணைகளையும் முடித்துவிடுங்கள். இன்றிலிருந்து மகளும் நாயும் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்துங்கள். லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அதைச் செய்வது ஒரு மாலை வேலை. அதை அவரே செய்து பொருத்துவது உங்கள் இருவருக்கும் நடுவிலுள்ள பேச்சையும் கொஞ்சம் மாற்றும். மகள் ஓடி விளையாடும் நேரத்தில் மிஸ்டி தடுப்புக்கு அப்பால் இருக்கட்டும். நாய் நெருங்கும்போது ஓடாமல், கத்தாமல், கைகளை மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்க அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நகராததை மடக்க இந்த நாய்க்குப் பெரும்பாலும் தோன்றாது. அவள் பயப்படுகிறாள் என்றால், "மிஸ்டி பாவம், ஒன்றும் செய்யாது" என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அது செய்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். "உனக்குப் பயமாக இருப்பது நியாயம், இனிமேல் அது உன் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை" என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொல்லுங்கள். கட்டிலை விட்டு அவள் எப்போது இறங்குகிறாள் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் அளவுகோல்.

மொட்டை மாடிப் பந்தாட்டத்தை நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் பந்தைத் துரத்துவது இந்த வகை நாயைக் களைப்படையச் செய்வதைவிட அதிகமாகக் கிளறிவிடுகிறது. நாளாக நாளாக உடல் பலமும் கூடுகிறது, தேவையும் கூடுகிறது. அதற்கு வேண்டியது மூளைக்கு வேலையும், அதன் பிறகு ஓய்வெடுக்கும் பழக்கமும். உணவைக் கிண்ணத்தில் வைக்காமல் துணி மடிப்புகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் ஒளித்துவைத்து மோப்பத்தால் தேடவிடுங்கள். காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் புதிய சொல் ஒன்றைக் கற்றுக்கொடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் பில்லி, தம்முடைய 'சேசர்' என்ற பார்டர் காலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்து 2011-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதற்காக அவர் மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் உழைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த இனத்தின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டிப் பேசுபவர்கள், அது வளர்ப்பவரின் நேரத்தைக் கேட்கும் புத்திசாலித்தனம் என்பதை ஏனோ சொல்வதில்லை. நடைப்பயிற்சியை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். கோவையிலும் கோடையில் தார்ச் சாலை காலைச் சுடும்.

நிழலைத் துரத்துவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேய்ப்பு இன நாய்களில் அது விடாப்பிடியான பழக்கமாக முற்றக்கூடும். யாரும் டார்ச் வெளிச்சத்தையோ லேசர் விளக்கையோ காட்டி விளையாடக் கூடாது. மாலையில் நிழல் விழாதபடி விளக்கை மாற்றி வையுங்கள். அப்படியும் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது இனத்தின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் நம் ஊரில் பரவலாகத் தரப்படும் ஐவர்மெக்டின் மருந்தின் அதிக அளவு, எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள காலி இன நாய்களின் மூளையைப் பாதிக்கும். நீள முடி கொண்ட ரஃப் காலி இனத்தில் அந்த மாற்றம் மிகுதி, பார்டர் காலியில் குறைவு. ஆனாலும் மருத்துவர் அறிந்திருப்பது நல்லது.

பொள்ளாச்சித் தோப்பு யோசனையை நான் ஏற்கவில்லை. ஆட்டைக் கண்டால் ஓட்ட வேண்டும் என்ற உந்துதல் இந்த நாய்க்குப் பிறவியிலேயே வரும். எப்போது நிறுத்த வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மேய்ப்பரின் குரலையும் சீழ்க்கையையும் கேட்டு மாதக்கணக்கில் பழகினால்தான் வரும். பழகாத நாயை ஆடுகளுக்குள் விட்டால் அவை மிரண்டு வேலியில் மோதும், சினையாட்டுக்குக் கரு கலையும், பெரியப்பாவின் பொறுமை ஒரே வாரத்தில் தீர்ந்துபோகும். நம் ஊரில் கிடை போடுபவர்களிடம் இருக்கும் நாய்கள் பெரும்பாலும் இரவுக் காவலுக்கானவை. ஆட்டைத் திருப்புவது மனிதரின் குரலும் கோலும்தான். இரண்டும் வேறு வேறு தொழில்கள். தோப்பில் கட்டிப்போட்டு வைத்தால் அது மிஸ்டிக்கு உங்கள் கூடத்தைவிட மோசமான இடமாகிவிடும். உங்கள் மாமியார் நாட்டு நாயைப் பற்றிச் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள். தினமும் கேட்கும் அந்தப் பேச்சு அதனாலேயே குறையலாம்.

இனி உங்களைப் பற்றி. மகன் விடுதிக்குப் போன வெறுமையில் மிஸ்டி வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அதைப் பற்றியே நடக்கிறது. நாயை அனுப்பினால் மகனோடு பேச மிச்சமிருக்கும் ஒரே விஷயமும் போய்விடும் என்று நீங்கள் அஞ்சுவதாக எனக்குப் படுகிறது. பதினாறு வயதுப் பையன் விடுதியின் தனிமையைத் தனிமை என்று சொல்ல மாட்டான், நாயைக் கேட்பான். "வீட்டுக்கு வர மாட்டேன்" என்பதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், தான் இல்லாதபோது வீட்டில் எல்லாம் தீர்மானிக்கப்படுகிறதே என்ற ஆற்றாமையாகக் கேட்டுப் பாருங்கள். தங்கையின் கால் காயத்தை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் கருத்தைக் கேளுங்கள். ஆனால் முடிவு பெற்றோருடையது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவன் படிப்பைப் பற்றியும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், தூக்கத்தைப் பற்றியும் நீங்களாகக் கேட்கத் தொடங்குங்கள்.

கணவரோடு தினமும் வாதாடுவதை நிறுத்திவிட்டு, ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் நியாயமான கால அளவு. அதுவரை நாயை அனுப்பும் பேச்சு வேண்டாம். அந்தக் காலத்தில் தடுப்பு, பயிற்சி, நடை ஆகியவற்றை இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாமே உங்கள் தலையில் இருப்பதாகத் தெரிகிறது. அப்படியே நீடித்தால் உடல் களைப்பே உங்களுக்காக முடிவெடுத்துவிடும். தண்டிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் கிடைத்தால் சிலமுறையாவது வரவழையுங்கள். குறித்த நாளில் மகள் பயமின்றி நடமாடுகிறாள், மறுபடி பல் படவில்லை, நீங்கள் தூங்குகிறீர்கள் என்றால் மிஸ்டி இருக்கட்டும். இடையில் மறுபடி ஒருமுறை பல் பட்டால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்திருந்தால், இந்தக் கடிதப் பதிலோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

அனுப்ப வேண்டி வந்தால், அதைப் பாவம் என்ற கணக்கில் எழுத வேண்டாம். தெருவில் விடுவதும், பொருத்தமான வீட்டைத் தேடி ஒப்படைப்பதும் ஒன்றல்ல. சிறு குழந்தைகள் இல்லாத, மேய்ப்பு இன நாயை முன்பே வளர்த்துப் பழகிய வீடாகப் பாருங்கள். முதலில் அவர்கள் ஓரிரு முறை வந்து மிஸ்டியோடு நடக்கட்டும். குதிகாலைக் கவ்வியதையும், நிழலைத் துரத்துவதையும், இருசக்கர வாகனத்தைக் கண்டு ஓடுவதையும் எழுத்திலேயே கொடுங்கள். பெங்களூர்க் குடும்பம் உங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால், முதல் நாளே கம்பித் தடுப்புக்கு ஏற்பாடு செய்திருப்பீர்கள்.