ராணுவச் சரக்குப் போக்குவரத்தைக் கணினியோடு பேசியே திட்டமிட முடியுமா, தட்டச்சு போதாதா?

முடியும். "தட்டச்சு போதாதா" என்று கேட்டீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் கல்லூரி மாணவராக இருக்கவேண்டும், யாரோ இந்தத் தலைப்பை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நான் ராணுவத்தில் இருந்ததில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தில் லோரி அனுப்பும் கிராணியாக வேலை பார்த்தவன். படைக்கும் பழக்குலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கிளம்பி வருவார்கள், வரட்டும். எந்த வண்டி, எந்தச் சுமை, எந்த வழி, எத்தனை மணிக்குள், நடுவில் பாதை போனால் என்ன செய்வது, இரண்டிலும் இதே கணக்குத்தான். அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய டார்ட் என்ற மென்பொருள், வண்டி, சரக்கு, ஆள் என்று ஒரே சமயத்தில் 50,000 வரை கணக்கில் எடுத்து, வாரக்கணக்கில் இழுக்கும் திட்டத்தைச் சில மணி நேரத்தில் போட்டது.

ஆனால் திட்டம் போடுவதைவிட அதை மாற்றுவதுதான் பெரும்பாடு. ஒரு மழைக்காலத்தில் மண்பாதை உள்வாங்கி, பழம் ஏற்றிய லோரி ஒன்று சாய்ந்து வழியை அடைத்துவிட்டது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அப்போது புதிதாக வந்திருந்த மென்பொருளிலோ ஒரு வண்டியின் வழியை மாற்றக்கூட ஆபீசுக்குப் போய்க் கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும். நான் சேற்றில் நின்றபடி வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"காலி வண்டியெல்லாம் பின்பக்கமா திருப்புங்கண்ணே."

"பின்பக்கப் பாலம் முழுச் சுமை தாங்காது தம்பி, பாதி பாதியா ஏத்துவோம்" என்றார் மூத்த டிரைவர் அண்ணன்.

அப்படியே செய்தோம், இருட்டுவதற்குள் அவ்வளவும் ஆலைக்குப் போய்விட்டது. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

கணினியோடும் இப்படித்தான் பேசவேண்டும், நாம் ஒன்று சொல்ல அது ஒன்று சொல்ல. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ஆலன் குழு 1990களில் உருவாக்கிய டிரெய்ன்ஸ் என்ற மென்பொருள் அதைத்தான் முயன்றது: ரயில்களை எந்த வழியாக அனுப்புவது என்று மனிதனும் கணினியும் பேசி முடிவெடுக்கவேண்டும். சொற்களில் சுமார் 30 விழுக்காட்டை அது தவறாகக் கேட்டும், தட்டச்சைவிடப் பேச்சில்தான் வேலை சீக்கிரம் முடிந்தது. போர்க்களச் சத்தத்தில் தப்பாகக் கேட்காதா என்பீர்கள். கேட்கும். அதனால்தான் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, 'சரி' வாங்கிய பிறகே அது திட்டத்தை மாற்றவேண்டும். நாங்கள் வாக்கி டாக்கியில் செய்ததும் அதுதானே.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். மென்பொருளுக்குப் பணத்தைக் கொட்டிய அதே நிர்வாகம், அன்று பாதிச் சுமையோடு ஓடிய டிரைவர்களுக்கு, சுமை குறைவு என்று டிரிப் காசைப் பிடித்தது. ஆலை வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றதற்கும் காசில்லை. நான் எழுதிக் கொடுத்தேன், துரையிடம் நேரிலும் கேட்டேன். அந்த அண்ணன் வேலையை விட்டு நிற்கும்வரை ஒரு வெள்ளிகூட வரவில்லை.