விளக்கு தொங்கியதால் பூவும் தொங்குகிறது

அன்புள்ள ஐயா,

இஸ்தான்புல் அருங்காட்சியகம் ஒன்றில் பழைய தொழுகை விரிப்புகளைப் பார்த்தேன். துருக்கியின் கோர்தெஸ் ஊரில் நெய்த ஒரு விரிப்பில், நடுவே வளைவாக வரைந்த மாடத்தின் இரு தூண்களும் அடிப்பீடமே இல்லாமல் அந்தரத்தில் நின்றன. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூங்கொத்து, அதுவும் தலைகீழாக. இது கலையின் வீழ்ச்சிதானே?

ந.

அன்புள்ள ந.,

தூணின் காலைக் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் அந்தச் சிவப்பில் மயங்கி அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெய்த ஒட்டோமான் அரசவை விரிப்பு ஒன்று இருக்கிறது. சேகரிப்பாளர் ஜேம்ஸ் பல்லார்ட் 1922இல் கொடுத்தது. மூன்று வளைவுகள், பீடத்தோடு இரட்டைத் தூண்கள், நடுவளைவில் விளக்கு. ஓவியன் வரைந்து கொடுத்ததைத் தறியில் ஏற்றிய வேலை அது.

கோர்தெஸ், கூலா, லாதிக் ஊர்களின் பெண்களுக்கு அந்த ஓவியன் இல்லை. முன்னால் கிடந்த விரிப்பைப் பார்த்து அடுத்ததை நெய்தார்கள். இரண்டு பாவு இழைகளைச் சுற்றிப் போடும் முடிச்சுக்கே கோர்தெஸ் முடிச்சு என்றுதான் பெயர். கம்பளி தடித்தால் அந்த முடிச்சில் வளைவு படிக்கட்டாகும். தூண் பூவேலை நாடாவாகும். விளக்கின் சங்கிலி காம்பாகி, உடல் கூஜாவாகி, அல்லது பூங்கொத்தாகிவிடும். விளக்கு தொங்கியதால் பூவும் தொங்குகிறது. கூஜாவுக்கு ஒரு நியாயமும் உண்டு, தொழுகைக்கு முன் ஒளு செய்ய, அதாவது கை கால் முகம் கழுவ, வேண்டுமல்லவா?

இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனமில்லை. லாதிக் விரிப்பில் நீண்ட காம்போடு வரிசையாக நிற்கும் துலிப் மலர்களை அரசவை விரிப்புக்கு மேலாகவே வைப்பேன். ஆனால் கரை முழுக்க மெல்லிய கோடுகளை அடுக்கி, நடுவில் மாடத்துக்கு இடமே விடாத பிற்கால விரிப்புகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. அங்கே உங்கள் கட்சிதான்.

எது கரைந்தாலும் மாடத்தின் கூம்பு மட்டும் நிலைத்தது. மிஹ்ராபும் (பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டும் மாடம்) காபாவும் பொறித்த விரிப்புகளை முஸ்லிம் அல்லாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று 1610இல் துருக்கியின் குத்தாஹ்யா நகருக்கு அரசாணையே போனது. ஆணை ஒரு பக்கம், வணிகம் ஒரு பக்கம்: ருமேனியாவின் பிரஷோவ் நகரக் கறுப்புத் தேவாலயத்தில் இன்றும் அனத்தோலிய, அதாவது துருக்கி நாட்டு, விரிப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன.

அங்கேயும் சரி, நீங்கள் பார்த்த இடத்திலும் சரி, சுவரில் தொங்குவதால்தான் தூண் எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி வருகிறது. தரையில் விரித்துப் பாருங்கள். தூண் தொடங்கும் பக்கத்தில் தொழுபவரின் பாதங்கள் இருக்கும். குனிந்தால் நெற்றி மாடத்துக்குள் போகும்.