பழைய குளத்தைச் சரி பண்றவங்க கேட்ட கேள்வியும் என் பதிலும்

கேள்வி: அண்ணா, வாங்குன நிலத்துல ஒரு பழைய குளம் முக்கால்வாசி தூர்ந்து கெடக்கு. பொக்லைன் விட்டு எத்தனை அடி தோண்டலாம்?

பதில்: தம்பி, அடிக்கணக்கை முதல்லயே முடிவு பண்ணாதீங்க. பழைய குளத்தோட அடியில ஒரு களிமண் படுகை இருக்கும், தண்ணியைத் தாங்கிப் பிடிக்கிறதே அதுதான். மேல இருக்கிற வண்டல் கருப்பா கொழகொழன்னு அழுகின இலை நாத்தத்தோட இருக்கும், அதுக்குக் கீழ நிறம் மாறி கெட்டியான மண் வரும், ஈரமாக்கி உருட்டினா உடையாம திரி மாதிரி நீளும். அங்க நிறுத்திடணும். இன்னும் ரெண்டு அடி போனா நல்லாருக்குமேன்னு ஆசைப்பட்டு நான் தோண்டினேன், கீழ மணல் அடுக்கு வந்துருச்சு, மழை நின்னு ஒரே மாசத்துல குளம் காலி. அதனால மெஷின் வர்றதுக்கு முன்னாடியே நாலஞ்சு இடத்துல கையால குழி போட்டுப் பாருங்க. கரையை செங்குத்தா வெட்டாதீங்க, ஒரு அடி இறக்கத்துக்கு மூணு அடி அகலம் விடுங்க, கரையும் சரியாது, ஆடு மாடோ குழந்தையோ தவறி விழுந்தாலும் ஏறி வர முடியும்.

கேள்வி: சார், எங்க குளத்துல தண்ணி வேகமா குறையுது. வெயில்ல ஆவியாகுதா, கசியுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பதில்: ஒரு வாளியில தண்ணி ஊத்தி, கல்லு போட்டு, குளத்து ஓரத்துல பாதி முங்குற மாதிரி வைங்க. வாளிக்கு உள்ள ஒரு கோடு, வெளிய குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. மழை இல்லாத, மோட்டார் ஓடாத நாலு நாள் கழிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தா ஆவிதான், வெளிய மட்டும் அதிகமா இறங்கியிருந்தா கசிவு. அப்புறம் கரையோட வெளிப்பக்கம் நடந்து ஈரம், எலி வளை, நண்டு வளை தேடுங்க. ஓட்டை கிடைச்சா வாயை மட்டும் அடைக்காதீங்க, வளை போற வரைக்கும் வெட்டித் திறந்து ஈரக் களிமண்ணை அரையடி அரையடியா போட்டு இடிச்சு நிரப்பணும். வெளிய கசியுற தண்ணி கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம், உடனே நீர்மட்டத்தைக் குறைச்சுட்டு விவரம் தெரிஞ்ச இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

கேள்வி: கரையில மரம் நடலாமாங்க?

பதில்: வேண்டாம்மா. வேர் செத்து மக்கினா கரைக்குள்ள குழாய் மாதிரி ஆயிடும். கரை மேல புல்லு, வெட்டிவேர் போதும், மரத்தைத் தள்ளி நடுங்க.

கேள்வி: ஆகாயத்தாமரை மூடிக்கிச்சு. மருந்து அடிச்சு ஒரேயடியா அழிச்சிடலாமா?

பதில்: ஒரேயடியா அழிச்சா அத்தனையும் தண்ணிக்குள்ளயே அழுகும், அழுகறப்போ ஆக்சிஜனை இழுத்துக்கும், மீன் மொத்தமா மிதக்கும். கையால இழுத்து, தண்ணி திரும்ப வடியாத தூரத்துல குவிச்சு மக்க விடுங்க. விதை சேத்துக்குள்ள பல வருஷம் உயிரோட இருக்கும், அதனால புதுசா முளைக்கிறதை சின்னதா இருக்கும்போதே எடுத்துட்டே இருக்கணும். அதைவிட முக்கியம், சாணித் தண்ணியோ வயல் உரமோ எங்கிருந்து வடியுதுன்னு பாருங்க, அந்தச் செடிக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் வருது. தண்ணி உள்ள வர்ற வாயில ஒரு சின்ன வண்டல் குழி வெட்டி விட்டா மண்ணாவது அங்கயே தங்கும், வருஷா வருஷம் அதை அள்ளுறது சுலபம்.

கேள்வி: விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாய் பிளக்குது அண்ணா!

பதில்: ஆக்சிஜன் குறைஞ்சு போச்சு. பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் சேர்ந்து மூச்சு விடும், அதான் விடியறப்போ ரொம்பக் கம்மி. இப்போதைக்கு மோட்டார் போட்டு குளத்துத் தண்ணியையே மேலருந்து பீய்ச்சி விடுங்க, தீனியை நிறுத்துங்க.

கேள்வி: அண்ணா, முதல்ல கேட்டவன்தான். குழி போட்டேன், மூணு அடியில மஞ்சள் மண் கெட்டியா வருது, உருட்டினா திரியா நீளுது.

பதில்: நல்ல சேதி தம்பி! எல்லாக் குழியிலயும் அது எவ்வளவு ஆழத்துல வருதுன்னு அளந்து அங்கங்க குச்சி நட்டு மார்க் பண்ணுங்க. மெஷின்காரர்கிட்ட அதைக் காட்டி, அதுக்குக் கீழ ஒரு பக்கெட் கூட அள்ளக் கூடாதுன்னு சொல்லிட்டு, வேலை முடியுற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.