டோனட்டும் மதுரை வெயிலும்

போன மாதம் வீட்டிலேயே சாக்லேட் டோனட் செய்வது பற்றி நாலு வரி எழுதினேன். வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் மாசி வீதிகளுக்குள் பாதி வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கும் போலிருக்கிறது. இதழைத் தொலைத்தவர்களுக்காக அளவை மறுபடி சொல்லிவிடுகிறேன்: மைதா 250 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், வெதுவெதுப்பான பால் 100 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 30 கிராம். எட்டு டோனட் வரும்.

கேள்வி: அக்கா, மாவு பொங்கவே இல்லை. மூன்று மணி நேரம் மூடி வைத்தும் போட்டது போட்டபடி கிடந்தது. ஈஸ்ட் புதுப் பாக்கெட்தான். (வாசகி, திருமங்கலம்)

பதில்: ஈஸ்ட் மேல் தப்பில்லை, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. “பாலைக் காய்ச்சி இறக்கினதும் ஊற்றினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஈஸ்ட் உயிருள்ள சாமான், 55, 60 டிகிரி சூடு பட்டாலே செத்துப்போகும், நீங்கள் கொதிக்கிற பாலையே தலையில் ஊற்றியிருக்கிறீர்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு போதும். சந்தேகமாக இருந்தால் அந்தப் பாலில் ஈஸ்ட்டையும் ஒரு சிட்டிகை சர்க்கரையையும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை கட்டினால் மாவில் சேருங்கள், கட்டாவிட்டால் கொட்டிவிடுங்கள், பால் மட்டும்தான் நஷ்டம்.

இன்னொன்று, செய்முறைகளில் ஒன்றரை மணி நேரம் பொங்க விடு என்று போட்டிருப்பது பெரும்பாலும் குளிர் ஊர்க்காரர்கள் கணக்கு. நம் சித்திரை, வைகாசி வெயிலில் 40 நிமிடத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும், அதற்கு மேல் விட்டால் திறக்கும்போதே கள்ளு வாடை அடிக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விரலில் மைதா தொட்டுக்கொண்டு மாவைக் குத்துங்கள். குழி சட்டென்று நிரம்பினால் இன்னும் பொங்கணும், மெல்ல மெல்லப் பாதி நிரம்பி நின்றால் சரி, அப்படியே அமுங்கிப்போனால் நீங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

கேள்வி: மாவு கையெல்லாம் ஒட்டுகிறது. இன்னும் கொஞ்சம் மைதா போடலாமா? (வாசகி, செல்லூர்)

பதில்: போடக் கூடாது. சாயங்காலம் எந்தப் புரோட்டாக் கடை முன்னாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாஸ்டர் மாவு ஒட்டுகிறதே என்று மைதாவையா அள்ளிப் போடுகிறார்? எண்ணெயைத் தொட்டுக்கொண்டு அடித்துப் பிசைகிறார். அதே வேலைதான் இங்கேயும். முதல் ஐந்து நிமிடம் எரிச்சல் வரும், அதைத் தாண்டிப் பிசைந்தால் ஒட்டுவது தானாக நிற்கும், வெண்ணெயைக் கடைசியில் துண்டு துண்டாகச் சேர்த்து மொத்தம் 12 நிமிடமாவது பிசையுங்கள். ஒரு உருண்டையை விரல் நுனிகளால் இழுத்துப் பிடித்தால் கிழியாமல் அந்தப் பக்க வெளிச்சம் தெரியணும். மைதாவைக் கூட்டினால் கிடைப்பது டோனட் இல்லை, ஓட்டை போட்ட பன்.

கேள்வி: முதல் ஈடு வெளியே கருப்பு, உள்ளே மாவு. பயந்துபோய்த் தீயைக் குறைத்தேன், அடுத்த ஈடு பிழிந்தால் எண்ணெய் வடிகிறது. (வாசகி, மேலூர்)

பதில்: எண்ணெய் 170-லிருந்து 180 டிகிரிக்குள் இருக்கணும். வீட்டில் யாரிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது? கொண்டைக்கடலை அளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். கீழே போய், மூன்று எண்ணுவதற்குள் சுற்றிலும் குமிழ் கட்டி மேலே வந்தால் பதம். போட்டதும் துள்ளிக்கொண்டு வந்து சிவந்தால் சூடு அதிகம், அடியிலேயே படுத்துக்கொண்டால் எண்ணெய் இன்னும் காயவில்லை. காயாத எண்ணெயில் போட்டால் மேல்புறம் இறுகுவதற்குள் அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருக்கும், உங்கள் இரண்டாவது ஈட்டுக்கு நடந்தது அதுதான். வீட்டுச் சட்டியில் ஒரு நேரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஏழெட்டை ஒன்றாகத் தள்ளினால் காய்ந்த எண்ணெயும் ஆறிப்போகும். எண்ணெய் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ எதுவும் சரி, நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், சாக்லேட்டுக்கும் அந்த வாசனைக்கும் ஆகாது.

வெட்டி வைத்த டோனட் இரண்டாவது தடவை அரை மணி பொங்கியபின் கையால் எடுத்தால் அமுங்கிவிடும், பாதிப் பேருக்குத் தட்டையாகப் போவது இந்த இடத்தில்தான். போளி தட்டுவோமே, அது மாதிரி ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவிய தனித்தனி வாழையிலைத் துண்டில் வைத்துவிடுங்கள். சட்டி ஓரத்தில் இலையைச் சாய்த்தால் தானாக வழுக்கி இறங்கும். இலை மட்டும் எண்ணெயில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெறிக்கும். பக்கத்துக்கு ஒரு நிமிடம். சரியாகப் பொங்கியது என்றால் வெந்து வரும்போது இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு சுற்றிலும் நிற்கும், பாதிக்கு மேல் எண்ணெயில் முங்காமல் மிதக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் திருப்தி.

கேள்வி: நடுவில் ஓட்டை எதற்கு? (மாணவர், உசிலம்பட்டி)

பதில்: உளுந்தவடைக்கு எதற்கோ அதற்குத்தான் தம்பி, நடு வேக. ஹான்சன் கிரிகோரி என்ற அமெரிக்கக் கப்பல்காரர் 1847-ல் டோனட்டுக்கு முதலில் ஓட்டை போட்டது தான்தான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். நம் ஊர் ஆச்சிகள் யாரும் அப்படி உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை.

கேள்வி: மேலே முக்கிய சாக்லேட் காயவே மாட்டேன் என்கிறது. இரவு வரை பிசுபிசுப்பு. (வாசகி, திருநகர்)

பதில்: இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் முன்னால், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, காலையில் வைகைக் கரைக்குப் போய்விட்டு வருகிற சொந்தக்காரர்களுக்கென்று இரண்டு டஜன் செய்து, நல்ல சாக்லேட்டாகப் பார்த்து வாங்கி உருக்கி முக்கித் தாம்பாளத்தில் அடுக்கி வைத்திருந்தேன். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டு மணிக்கு மாமாவின் வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் பதிந்து ஒரு சின்னக் கை. துவைத்தும் போகவில்லை, அவர் இன்னும் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருகிறார், வேண்டுமென்றே.

காரணம் இதுதான். நிஜச் சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய், அது 34 டிகிரி வாக்கில் உருகும், வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். நம் ஊர்க் கோடையில் மத்தியான வெயில் அதைத் தாண்டித்தான் அடிக்கிறது, அப்புறம் அது எங்கே காயும்? போதாததற்கு அதை ஒருமுறை உருக்கினால் சூட்டை இறக்கி ஏற்றிப் பக்குவம் பண்ணினால்தான் பளபளப்பாக இறுகும். டோனட்டுக்கு அத்தனை பாடு எதற்கு? காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, பக்குவம் பண்ணாமலே இறுகும். ருசி ஒரு படி குறைவுதான், மறுக்கவில்லை. எட்டு டோனட்டுக்கு 100 கிராம், கூட ஒரு ஸ்பூன் எண்ணெய். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு உருக்குங்கள். ஈரக் கரண்டி ஆகாது, ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் மணல் மாதிரி திரிந்துகொள்ளும். திரிந்துவிட்டால் எறிய வேண்டாம், சூடான பாலை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் குழம்பு மாதிரி சேர்ந்துவரும், முக்குவதற்கு ஆகாது, மேலே ஊற்றிச் சாப்பிடலாம். டோனட் நன்றாக ஆறியபின் முக்கி, மின்விசிறிக்கு நேராகவோ பத்து நிமிடம் ஃபிரிட்ஜிலோ வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை ஆகாது, பிசைந்து பொங்கவிட்டுப் பொரிக்கவும் நேரமில்லை. வழி உண்டா? (வாசகி, வாடிப்பட்டி)

பதில்: முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 3 டேபிள்ஸ்பூன், வேறு மாற்றமில்லை. நேரமும் இல்லை என்றால் பணியாரக் கல்லை எடுங்கள். மைதா ஒரு கப், கோகோ பவுடர் 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சர்க்கரை அரை கப், ஒரு சிட்டிகை உப்பு. இதில் அரை கப் பால், 2 டேபிள்ஸ்பூன் தயிர், 2 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் ஊற்றி, இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்குங்கள். ரொம்பக் கிண்டினால் ரப்பராகும். குழியில் முக்கால் அளவு ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் வேகவிட்டுத் திருப்பிப் போடுங்கள். கோகோ ஏற்கெனவே கருப்பு, கருகியது கண்ணுக்குத் தெரியாது, மூக்கைத்தான் நம்பணும். ஓட்டை இருக்காது, குழந்தைகள் கேட்டால் மேலே உள்ள உசிலம்பட்டித் தம்பிக்குச் சொன்னதைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுக்கலாமா? (வாசகி, அவனியாபுரம்)

பதில்: சாக்லேட் இறுகப் பத்து நிமிடம் வைப்பது வேறு, ராத்திரி முழுக்க வைப்பது வேறு. ஈஸ்ட் போட்ட மாவு ஃபிரிட்ஜில் சீக்கிரம் விறைத்துப்போகும். மூடிபோட்ட டப்பாவில் வெளியிலேயே வையுங்கள், மறுநாள் காலை வரை தாங்கும். மிச்சமாகிறது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம்.