குழுக்கடன் வந்த ஊரில் கைமாற்று ஏன் நின்றுபோகிறது?

கேள்வி: வட இலங்கையின் வன்னிக் கிராமங்களில் பெண்களின் ஒற்றுமையை நம்பித்தானே குழுக்கடன் கொடுக்கிறார்கள், பிறகு அந்த ஒற்றுமையே ஏன் உடைகிறது?

அடமானம் வைக்கக் காணி உறுதியோ நகையோ இல்லாதவரிடம் நுண்கடன் கம்பனி உறவையே அடமானமாக எடுக்கிறது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். கைமாற்றில் 'மழை பெய்யட்டும், அறுவடைக்குப் பிறகு தா' என்று சொல்லலாம். குழுவில் அதைச் சொல்பவள் தன் கையால் கட்டவேண்டும். ஆகவே அயலட்டை, அதாவது அக்கம்பக்கம், காவலாளியாக மாறுகிறது. பொருளாதாரம் சமூக உறவுகளுக்குள் பதிந்திருந்தது, சந்தைச் சமூகமோ உறவுகளைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது என்று பொருளாதார வரலாற்றாளர் கார்ல் பொலானி 1944இல் எழுதியது இதற்கு அப்படியே பொருந்தும்.

அடுத்தது காலக்கணக்கு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலிலும் நெல்லுக்காசு வருடத்தில் இரண்டு முறைதான் வரும். மானாவாரிக்கு ஒரு முறை. தவணையோ கிழமைக்குக் கிழமை. இடைவெளியை நிரப்ப இன்னொரு கம்பனியில் எடுப்பார்கள். சுழல் அங்கேதான் தொடங்குகிறது.

வட்டியையும் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய், 52 கிழமை, முழுத்தொகைக்கும் 24 வீதம்: வட்டி 12,000, கிழமைத் தவணை ஏறத்தாழ 1,192 ரூபாய். முதல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் குறையாததால் உண்மை வருட வீதம் 44ஐத் தொடும். (கையெழுத்து வாங்கும்போது இதை யார் சொல்கிறார்கள்?)

'பெண்களுக்குச் சிக்கனம் தெரியாது' என்ற விளக்கம் சோம்பேறித்தனமானது. சீட்டுப் பிடித்து ஒழுங்காகக் கழித்தவர்களும் அதே பெண்கள்தான்.