புருஷனைத் தோற்கடிச்ச டாக்டரம்மா

கேள்வி: அமெரிக்காவுல அந்தக் காலத்துல ஒரு லேடி டாக்டர் சொந்த புருஷனையே எதிர்த்து எலெக்‌ஷன்ல ஜெயிச்சாங்களாமே, நெசமா சார்? ஜெயிச்சு என்ன செஞ்சாங்க? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நெசந்தாம்மா. டாக்டர் மார்த்தா ஹியூஸ் கேனன். ஆனா நேருக்கு நேர் மோதல்னு நினைச்சுக்காதீங்க, 1896ல யூட்டா மாநில செனட்டுக்கு (சட்டசபையோட மேலவை) சால்ட் லேக் பகுதியில 5 சீட், அதுக்கு நின்னவங்கள்ல இவங்க டெமாக்ரட், வீட்டுக்காரர் ஆங்கஸ் கேனன் ரிபப்ளிகன். இவங்க ஜெயிச்சு அவர் தோத்துட்டார். அமெரிக்காவுல மாநில செனட்டரான முதல் பெண் இவங்கதான், அதுவும் நாடு முழுக்க பெண்களுக்கு ஓட்டுரிமை வர்றதுக்கு 24 வருஷம் முன்னாடியே!

எல்லாரும் இந்த ஒரு விஷயத்தோட நிறுத்திடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். 1857ல வேல்ஸ்ல பொறந்தவங்க, அமெரிக்கா வந்து யூட்டாவுக்குப் போற வழியிலேயே தங்கச்சி செத்துப்போச்சு, போய்ச் சேர்ந்த கொஞ்ச நாள்ல அப்பாவும் போயிட்டார். பத்திரிகை ஆபீஸ்ல அச்சுக் கோத்து காசு சேர்த்து 1880ல மிச்சிகன் யூனிவர்சிட்டில டாக்டருக்குப் படிச்சுப் பட்டம் வாங்கினாங்க. அப்போ பலதார மணம் வழக்கத்துல இருந்த மார்மன்ங்கற கிறிஸ்தவப் பிரிவுல ஆங்கஸுக்கு நாலாவது மனைவியா கல்யாணம். ஆனா அது சட்டப்படி குத்தம், கோர்ட்ல ஏத்தினா புருஷனுக்கு எதிரா மட்டுமில்ல, இதே மாதிரி கல்யாணம் ஆகி, தான் பிரசவம் பாத்த பொண்ணுங்களுக்கு எதிராவும் சாட்சி சொல்லணும், அதுக்குப் பயந்து கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு ஐரோப்பாவுக்கே போயிட்டாங்க. திரும்பி வந்து நர்ஸ்களுக்கு ட்ரெய்னிங் ஸ்கூல் நடத்தினாங்க.

செனட்ல செஞ்சதப் பாருங்க, எல்லாமே ஒரு டாக்டர் யோசிக்கிற வேலை. மாநிலத்துக்கு சுகாதார வாரியம் வேணும்னு சட்டம், காது கேக்காத, கண் தெரியாத பிள்ளைங்க படிப்புக்கு சட்டம். எனக்கு ரொம்பப் பிடிச்சது கடையில வேலை பாக்கற பொண்ணுங்க உக்கார முதலாளி ஸ்டூல் போட்டுத் தரணும்ங்கற சட்டம்தான். நாள் பூரா நின்னா காலும் இடுப்பும் என்ன ஆகும்னு பேஷண்ட்டுங்களப் பாத்தவங்களுக்குத்தானே தெரியும். 1898ல வாஷிங்டன் போய் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி பெண்கள் ஓட்டுரிமைக்காகவும் பேசினாங்க.

1899ல பதவியில இருக்கும்போதே மூணாவது குழந்தை பொறந்துச்சு. பலதார மணத்த 1890லயே அவங்க சர்ச் கைவிட்டதா அறிவிச்சிருந்ததால ஊரே பேசிடுச்சு, அப்புறம் அவங்க எலெக்‌ஷன்ல நிக்கவே இல்ல. எனக்கு இது அநியாயமாத்தான் படுது. ஆனா வைத்தியத்த விடல, சுகாதார வாரியத்துலயும் உறுப்பினரா இருந்தாங்க. 1932ல லாஸ் ஏஞ்சலஸ்ல காலமானாங்க.