மான் வேட்டைக்கு முழு உறைக் குண்டு போதுமா?

காரைக்குடியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்லும் உங்கள் அண்ணனுக்கு, மலிவாகக் கிடைக்கும் முழு உறைக் குண்டு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து.

ஈயத்தைச் செம்பு உறை முனைவரை மூடியிருப்பதால் அக்குண்டு பெரும்பாலும் விரிவதில்லை. உடலைக் குறுகலாகத் துளைத்து மறுபுறம் வெளியேறிவிட, காயம்பட்ட மான் நெடுந்தூரம் ஓடி, வேதனையில் மெல்லச் சாகும். அங்கே பல மாநிலங்கள் இதனைத் தடைசெய்திருப்பது நியாயமே. முனையில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டோ, பட்டவுடன் காளானைப் போல் விரிந்து, தன் ஆற்றலை உடலுக்குள்ளேயே பெரிதும் செலவிட்டு, நெஞ்சில் சரியாகப் பட்டால் விரைவில் உயிரைப் போக்கும்.

ஆனால் ஈயக் குண்டு விரியும்போது, கண்ணுக்குத் தெரியாத நச்சு ஈயத் துணுக்குகள் காயத்தைச் சுற்றியுள்ள கறியில் சிதறுகின்றன. வீட்டில் குழந்தைகளும் உண்பார்கள் என்பதால், விரியும் வகை முழுச் செம்புக் குண்டையே நான் பரிந்துரைப்பேன். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டுகளே கூடாது.

நம் செட்டிநாட்டில் இக்கேள்விக்கே இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கு மானை வேட்டையாடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.